மெர்வாரே ஓடிய ஓட்டம்

என் அம்மாவுக்கு வலது மார்பில்தான் பால் அதிகம். அது அரசர் வீட்டுப் பிள்ளைக்கு. இடது பக்கம் எனக்கு. இதை அம்மாவே ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை. அந்தப் பிள்ளைதான் ஹெபு. பிற்பாடு மகுடம் சூட்டியபோது பூசாரிகள் அவனுக்கு மெர்வாரே என்று பெரிய பெயராக வைத்தார்கள். எனக்கு அவன் கடைசி வரை ஹெபுதான். நான் ஒரு மாதம் மூத்தவள், அதனால் அவனுக்கு நான் அக்கா.

நடக்கப் பழகும் வயதில் அவனுக்கு ஒரு காய்ச்சல் வந்து போனது. போகும்போது இடது காலின் பலத்தையும் எடுத்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு அந்தக் கால் இழுபட்டுக்கொண்டுதான் வரும். அரண்மனை முற்றத்தில் அவன் வருவது, ஆள் தெரிவதற்கு முன்பே காதில் விழுந்துவிடும். மூன்றாவது பிள்ளைதானே, கோயிலில் உட்கார்ந்து ஏடு படிக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். மூத்தவன் தெற்குக் கோட்டையில் அம்பு பட்டுச் செத்தான். இரண்டாமவன் வேட்டைக்குப் போன படகை நீர்யானை கவிழ்த்துப் போட்டது. எங்கள் தலைநகரமான வெண்மதிலில் மிச்சம் இருந்தது இந்த இழுக்கிற கால்தான்.

மகுடம் வைத்த அன்று பெரிய மனிதர்கள் எல்லோரும் அவன் முன்னால் மண்ணை முத்தமிட்டார்கள். அப்படிக் குனிந்திருந்தபோதே ஒருவன் பக்கத்தில் இருந்தவனிடம், "தெற்கு, வடக்கு ரெண்டு நாட்டையும் ஒன்றரைக் காலு தாங்குமா?" என்று கேட்டான். எனக்குக் கேட்டது. ஹெபுவுக்கும் கேட்டது. இரவு சாப்பாட்டில் வாத்துக் கறியைக் கடித்துக்கொண்டே, "அக்கா, அவன் கணக்குல கெட்டிக்காரன். கருவூலத்துல போட்டுடலாமா?" என்றான். மறுநாள் உண்மையிலேயே போட்டுவிட்டான். அந்த ஆள் நன்றாகவே வேலை பார்த்தான்.

நல்ல ஆண்டுகள் இருந்தன. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஆறு நேரத்துக்கு வந்தது, நேரத்துக்குப் போனது, கறுப்பு மண்ணை வயலில் போட்டுவிட்டுப் போனது. ஹெபு மேற்கே இரண்டு கால்வாய் வெட்டினான். வரப்புத் தகராறில் ஏழை ஜெயித்தான் என்று ஊர் பேசியது. அது இங்கே அடிக்கடி நடக்கும் காரியம் இல்லை. அவனுக்கு இருந்த ஒரே பைத்தியம் தன் பெயர். எங்கே ஒரு கல் சும்மா கிடந்தாலும், மன்னர் பெயரைச் சுற்றிப் போடும் கயிற்று வளையத்துக்குள் மெர்வாரே என்று வெட்டச் சொல்லிவிடுவான். கோயில் தூணில், படித்துறையில், கல்லுடைக்கும் மலையில்கூட.

"ஏண்டா, இன்னும் கழுதை முதுகு ஒண்ணுதான் பாக்கி," என்பேன்.

"கழுதை செத்துடும் அக்கா. கல்லு சாகாது," என்பான்.

விளையாட்டாகச் சொன்னாலும் அவனுக்கு அது விளையாட்டு இல்லை. பெயரைச் சொல்ல ஒரு வாய் இருக்கும்வரை செத்தவன் அங்கே மேற்கில், செத்தவர்கள் நாட்டில், பிழைத்திருப்பான். பெயர் போனால் அவன் இரண்டாவது முறை சாவான், அதற்கப்புறம் ஒன்றும் கிடையாது. இது எங்கள் நாட்டில் குழந்தைக்கும் தெரியும். ஒரு பிள்ளை இருந்தால் அவன் ரொட்டியும் பீரும் வைத்து அப்பன் பெயரைச் சொல்வான். ஹெபுவுக்கு இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். இருவரையும் பஞ்சம் தொடங்கிய ஆண்டில் வந்த இருமல் கொண்டுபோயிற்று. சின்னவன் என் மடியில்தான் போனான். அதற்குப் பிறகு ஹெபுவுக்குக் கல்லைத் தவிர வேறு பிள்ளை இல்லை.

பஞ்சம் ஒரேயடியாக வரவில்லை. முதலில் ஆறு மேட்டு வயல்களுக்கு ஏறவில்லை. எப்போதாவது இப்படி நடக்கும் என்று விட்டுவிட்டோம். அடுத்த ஆண்டு பள்ளத்து வயலுக்கும் பாதிதான் வந்தது. பிறகு அவன் வெட்டிய கால்வாய்களில் சிறுவர்கள் ஓடி விளையாடினார்கள், பிறகு விளையாடத் தெம்பில்லாமல் நிறுத்திக்கொண்டார்கள். கோரைக் கிழங்கைத் தோண்டித் தின்றோம். தாமரை விதையை இடித்து ரொட்டி சுட்டோம். ஹெபு அரண்மனைக் களஞ்சியத்தைத் திறந்துவிட்டான். அது வற்றியபோது, தன் கல்லறைக்குச் செங்கல் சுமந்த ஆட்களை வீட்டுக்கு அனுப்பினான். அந்தக் கல்லறை பாதியில் நின்றது.

ஜனங்கள் அரண்மனை வாசலுக்கு வந்து நிற்க ஆரம்பித்தார்கள். திட்ட வரவில்லை. எழுப்ப வந்தார்கள். எங்களுக்கு மன்னன்தான் சாமி, ஆற்றின் பலம் மன்னன் பலம். ஆறு படுத்துக்கொண்டால் சாமி படுத்துக்கொண்டது என்று பொருள்.

"தூங்குறியா சாமி? முழிச்சுக்க!" என்று ஒரு பெண் மதிலுக்கு வெளியே நின்று கத்துவாள். "பிள்ளைங்க வயிறு ஒட்டிப் போச்சு, எந்திரி சாமி!"

அவள் குரல் கேட்கும்போதெல்லாம் ஹெபு எழுந்து நிற்பான். எதற்கு நிற்கிறான் என்று அவனுக்கே தெரியாது. நின்றுவிட்டு, கொஞ்சம் நேரம் கழித்து உட்காருவான்.

மந்திரி நெஹிதான் அந்த யோசனையைக் கொண்டுவந்தார். நெஹி கெட்டவர் இல்லை. ஒல்லியான மனிதர், எழுதுகிற நாணலை மென்று மென்று நுனியைப் பஞ்சாக்கி வைத்திருப்பார். அரண்மனையில் எனக்குக் கொடுத்த அதே அளவு ரொட்டியைத்தான் அவரும் எடுத்துக்கொண்டார், எனக்குத் தெரியும்.

"காளைவால் விழாவை முன்னாடியே வெச்சிடலாம் சாமி," என்றார்.

காளைவால் விழா மன்னன் முப்பது ஆண்டு ஆண்ட பிறகு வருவது. பழைய மன்னன் என்று அவனுடைய ஓர் உருவத்தைப் புதைத்துவிட்டு, அவன் வெறுங்காலோடு, இடுப்பில் காளைவால் கட்டி, எல்லைக் கற்களுக்கு நடுவே ஓட வேண்டும். தெற்கு நாட்டுக்காக ஒரு முறை, வடக்கு நாட்டுக்காக ஒரு முறை. ஓடி முடித்தால் அவன் புதியவன். உடம்பில் இளமை ஏறும், ஆற்றில் வெள்ளம் ஏறும். ஹெபு அதில் பாதி ஆண்டுகள்கூட ஆண்டிருக்கவில்லை.

நெஹி போன பிறகு ஹெபு என்னைப் பார்த்தான். "நீ என்ன நினைக்கிற அக்கா?"

"வேணாம்னு நினைக்கிறேன்."

"இந்தக் காலை நினைச்சா?"

"காலு கெடக்கட்டும்டா. இப்ப ஜனங்க என்ன சொல்லிக்கிறாங்க? சாமி களைச்சுப் போச்சு, ஒருநாள் விழா வரும், ஓடும், எல்லாம் சரியாயிடும்னு சொல்லிக்கிறாங்க. அந்த ஒரு பேச்சுலதான் உசிரைப் புடிச்சு வெச்சிருக்காங்க. நீ ஓடி முடிச்ச பிறகும் தண்ணி வரலைன்னா? அப்புறம் எதைச் சொல்லிக்குவாங்க?"

"வந்துட்டா?"

"வந்தா நல்லதுதான்."

"உன் வாழ்க்கையில ஒரு தடவையாவது ஒரு நல்லது நடக்கும்னு சொல்லியிருக்கியா நீ?"

"நடந்தா சொல்றேன்," என்றேன்.

அவன் சிரித்தான். ஆனால் மதிலுக்கு வெளியே அந்தப் பெண்ணின் குரல் மறுபடியும் கேட்டது, அவன் மறுபடியும் எழுந்து நின்றான். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

பீர் காய்ச்சும் முற்றம் வேலையில்லாமல் கிடந்தது. மத்தியான வெயிலில் யாரும் வரமாட்டார்கள் என்று அங்கேதான் பழகினோம். அவன் கணுக்காலை நான் சணல் துணியால் இறுக்கிக் கட்டுவேன். ஓடுவான், விழுவான். ஓடுவான், விழுவான். முட்டியில் தோல் என்பதே இல்லாமல் போயிற்று. "எந்திரிடா சாமி," என்று நான் கேலி செய்வேன். அவன் படுத்தபடியே கெட்ட வார்த்தையில் திட்டுவான். அதை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது ஏழு வயதில் நான்தான். மாலையில் முட்டிக்குத் தேன் தடவிக் கட்டும்போது, "இந்தத் தேனை யாருக்காவது குடுத்திருக்கலாம்," என்பான். நான் முடிச்சை இன்னும் இறுக்குவேன்.

ஒருநாள் விழாமல் ஓடினான். ஏன் என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. காலை இழுப்பதற்குப் பதிலாக, முன்னால் வீசி எறிந்து, அதன்மேல் ஏறிக் குதித்துப் போனான். பார்க்க அசிங்கமாக இருந்தது. ஆனால் ஓட்டம்.

விழாவின்போது ஓட்டம் நடக்கும் முற்றத்துக்குள் இருப்பவர்கள் எல்லோரும் நெற்றியை மண்ணில் வைத்துக் கிடக்க வேண்டும். பழைய உடம்பை விட்டுப் புதிய உடம்பில் ஏறும் நேரத்தில் சாமியை மனிதக் கண் பார்க்கக் கூடாது. அவனோடு ஒரே தாயிடம் பால் குடித்தவர் மட்டும் அவன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நிற்கலாம். ஒரே பால் என்றால் ஒரே உடம்பு, ஒரே கண். அதனால் அன்றைக்கு முற்றத்தில் பூசாரிகளும் கொடி பிடிப்பவர்களும் முகம் மண்ணில் புதைந்து கிடந்தார்கள். நெஹி வெளி வாசலில் ஜனங்களோடு நின்றிருந்தார். இந்த நாட்டில் மெர்வாரே ஓடியதைப் பார்த்த கண் என்னுடையது மட்டும்தான்.

அதனால் சொல்கிறேன். அவன் ஓடினான்.

தெற்குச் சுற்று முடியும்போதே கட்டு அவிழ்ந்துவிட்டது. துணி பின்னால் இழுபட்டது. பாதத்தின் ஓரம் கல்லில் உரசிப் பிய்ந்து, அவன் போன வழியெல்லாம் ரத்தம். வடக்குக் கல்லைத் திரும்பும்போது கால் மடங்கியது. என் கையில் இருந்த செருப்பை நான் கடித்துக்கொண்டேன். அவன் உடம்பு முழுவதும் ஒரு பக்கம் சாய்ந்தது, கை தரையை நோக்கிப் போனது, போய்த் தொடாமல் திரும்பி வந்தது. அந்தக் காலை வீசி எறிந்தான், ஏறிக் குதித்தான், மறுபடி வீசினான். கிடந்தவர்கள் எல்லோருக்கும் அந்தச் சத்தம் கேட்டிருக்கும். ஒரு தட்டல், ஓர் உரசல், ஒரு தட்டல், ஓர் உரசல். இடையில் ஒரு கணம் எதுவும் கேட்காமல் இருந்திருக்கும். பிறகு மறுபடியும் தட்டல்.

முடித்துவிட்டு என் முன்னால் வந்து நின்றான். வாயில் நுரை.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"விழலேல்ல?"

"விழலடா," என்றேன். அழுதுவிட்டேன். என் வாழ்நாளில் நான் யாரையும் நினைத்து அவ்வளவு பெருமைப்பட்டது கிடையாது.

சங்கு ஊதினார்கள். வாசல் திறந்தது. வெளியே எழுந்த ஆரவாரத்தில் புறாக்கள் எல்லாம் கோயில் கூரையை விட்டுப் பறந்தன. நெஹி குழந்தை மாதிரி தேம்பினார். யாரோ ஒளித்து வைத்திருந்த கடைசி வாற்கோதுமையில் பீர் காய்ச்சியிருந்தார்கள், ஆளுக்கு ஒரு மிடறு கிடைத்தது. அதற்கே ஊர் போதையில் ஆடியது. மதிலுக்கு வெளியே கத்துகிற பெண் வந்து அவன் ரத்தம் பட்ட கல்லைத் தொட்டுக் கண்ணில் வைத்துக்கொண்டாள். அவள் பெயர் மெரெத் என்று அன்றுதான் தெரிந்தது. குயவன் மனைவி, மூன்று பிள்ளைகளில் ஒன்று மிச்சம்.

பிறகு காத்திருந்தோம்.

கோடையில் விடியலில், வெள்ளம் வரும் காலத்தைச் சொல்லும் அந்த நட்சத்திரம் எழுந்தது. தெற்குக் கோட்டையில் பாறையில் அளவு குறித்து வைத்திருக்கிறார்கள். வெள்ளம் அங்கே எவ்வளவு ஏறியது என்று பார்த்து, வெள்ளத்துக்கு முன்னால் ஒரு படகு கிளம்பி வரும். நல்ல செய்தி என்றால் படகில் பறை அடித்துக்கொண்டு வருவார்கள், வளைவு திரும்புவதற்கு முன்பே கேட்கும். ஹெபுவும் நானும் மாடியில் இருந்தோம். கரை முழுக்க ஜனங்கள். படகு வளைவில் திரும்பியது. துடுப்புச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

"ஒருவேளை பறை கிழிஞ்சு போயிருக்கும்," என்றான் ஹெபு.

"இருக்கும்," என்றேன்.

கிழியவில்லை. போன ஆண்டைவிடக் குறைவு.

கரையில் இருந்தவர்கள் திரும்பி வீட்டுக்குப் போனார்கள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. மறுநாள் வாசலில் ஒருவரும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ஹெபு மாடியில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டே இருந்தான். எழுந்து நிற்க அவனுக்குக் குரல் எதுவும் கிடைக்கவில்லை.

நெஹி வந்தார். வாயில் நாணல் இல்லை.

"விதையைத் திங்க ஆரம்பிச்சுட்டாங்க சாமி," என்றார். "ஊர் ஊரா. கேட்டா, எதுக்கு வெச்சிருக்கணும், எதுக்கு விதைக்கணும்னு கேக்கறாங்க. சாமி புதுசாயிடுச்சு, ஒரு குறையும் இல்லை, அப்படியும் வரலைன்னா இனிமே எப்பவும் வராதுங்கறாங்க. விதை போச்சுன்னா பின்னாடி வெள்ளமே வந்தாலும் போடறதுக்கு ஒண்ணும் இருக்காது."

நான் சொன்னதுதான் நடந்தது. நான் சொன்னேனே என்று சொல்ல வாய் வரவில்லை. பிறகு ஹெபு சொன்னான்:

"நான் ஓட்டத்துல விழுந்துட்டேன்னு சொல்லிடு."

நெஹிக்குப் புரியவில்லை. "சாமி?"

"குறை ஓட்டத்துல இல்லை, தெய்வத்துக்கிட்ட இல்லை. ஓடினவன்கிட்டன்னு சொல்லு. அவன் பொய்ராசா. விழுந்துட்டு, விழலைன்னு ஏமாத்தினான். சரியான காலோட ஒருத்தன் வந்தா தண்ணி வரும்னு சொல்லு. அப்ப விதையை வெச்சிருப்பாங்க."

"உண்மையிலயே விழுந்தீங்களா சாமி?"

"நான் பாத்தேன்," என்று நான் ஆரம்பித்தேன்.

"அக்கா பாத்தா. அக்கா பேசமாட்டா," என்றான் ஹெபு என்னைப் பார்க்காமல். "சொல்லுன்னேன் நெஹி."

நெஹி தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "பொய்ராசான்னு ஆனா பேரை வெட்டி எடுக்கணும் சாமி. முறை அது. எல்லாக் கல்லுலேருந்தும்."

"எவ்வளவு கல்லுன்னு எனக்குத்தானே தெரியும்," என்றான் ஹெபு. "பாவம், வெட்டறவங்களுக்குக் கை ஒடிஞ்சுடும்."

நெஹி அழுதுகொண்டே போனார். நான் அவன் தோளைப் பிடித்து உலுக்கினேன். "உனக்கு என்னடா பைத்தியமா? ரெண்டு பிள்ளையும் போச்சு. கல்லறை பாதியில நிக்குது. உனக்குன்னு இருக்கறது அந்தப் பேரு ஒண்ணுதானேடா!"

"அதான் அக்கா," என்றான். "குடுக்கறதுக்கு வேற எதுவும் இல்லை."

"நீ ஓடினே. நான் பாத்தேன். நான் சொல்லுவேன்."

"யாராவது கேட்டா, விழுந்தான்னு சொல்லு."

"சொல்லமாட்டேன். செத்தாலும் சொல்லமாட்டேன்."

அவன் வற்புறுத்தவில்லை. கோயில் படியில் நின்று பூசாரி அறிவித்தபோது நான் வாய் திறக்கவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. என்னை யாரும் கேட்கவும் இல்லை. ஜனங்களுக்குக் கேட்கத் தேவையிருக்கவில்லை. காலை இழுக்கிற சத்தம் எல்லோருக்கும் நினைவிருந்தது, அன்று முற்றத்தில் கிடந்தவர்கள் நடுவில் வந்த நிசப்தத்தையும் ஊரெல்லாம் சொல்லியிருந்தார்கள். அங்கேதான் விழுந்திருக்கிறான் என்று அவர்களே கண்டுபிடித்துக்கொண்டார்கள். பல நாள் கழித்து முதல் முறையாகக் கூட்டத்தில் சத்தம் எழுந்தது. கோபம்தான். ஆனால் அந்தக் கோபத்தில் உயிர் இருந்தது. "நொண்டிப் பய நாட்டையே கவுத்துட்டான்!" என்று மெரெத் கத்தினாள். அவள் குரல் பழையபடி கணீரென்று இருந்தது. ஹெபு உள்ளே இருந்து அதைக் கேட்டான். எழுந்து நின்றான்.

மகுடத்தை நெஹிக்கு வைத்தார்கள். ஹெபுவும் நானும் பாதியில் நின்ற கல்லறைக்குப் பக்கத்தில் இருந்த படகுக் கொட்டகைக்குப் போனோம். கால்வாய்க்கு அந்தப் பக்கம் கோயில். காலையிலிருந்து உளிச் சத்தம் கேட்கும்.

"எந்தத் தூணு அக்கா அது?"

"யாரோ வீடு கட்டறாங்கடா."

"பஞ்சத்துல வீடு கட்டறான் பாரு, அவன் கெட்டிக்காரன்," என்று சிரிப்பான். பிறகு அந்தச் சத்தம் நிற்கும்வரை பேசமாட்டான்.

விதைக்கும் பருவம் வந்தபோது போய்விட்டான். சாப்பாட்டைத் தள்ளிவைத்துத் தள்ளிவைத்து, ஒருநாள் நான் ரொட்டியை நனைத்து எடுத்து வருவதற்குள் போயிருந்தான். நானே கழுவினேன். அந்த இடது பாதத்தின் ஓரத்தில் புண் ஆறிய தழும்பு இருந்தது. சவப்பெட்டியில் பெயர் எழுதக் கூடாது என்று ஆள் அனுப்பியிருந்தார்கள். பெட்டியே இல்லை என்று சொல்லி அனுப்பினேன். பாயில் சுற்றி மணலில் வைத்தேன்.

விதையை வைத்திருந்தார்கள், அது உண்மை. அடுத்த ஆண்டு ஆறு ஒரு கையகலம் கூடுதலாக ஏறியது. ஒரே ஒரு கையகலம். பள்ளத்தில் பச்சை தெரிந்தது. நெஹியின் பெயரைச் சொல்லி ஊர் கொண்டாடியது. நான் கொட்டகையில் உட்கார்ந்து, ஒருவேளை உண்மையிலேயே ஹெபுவிடம்தான் குறையோ என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு என்னை நானே அறைந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு வந்த ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆறு இறங்கியது, இன்னும் இறங்கியது. நடுவில் மணல்திட்டு எழுந்து, அதில் நரிகள் நடந்து ஆற்றைக் கடந்தன. நெஹியின் வாசலில் ஜனங்கள் வந்து நின்று, எந்திரி சாமி என்று கத்தினார்கள். பிறகு கத்துவது குறைந்தது.

போன வாரம் நெஹி என் கொட்டகைக்கு வந்தார். நடந்தே வந்தார். பின்னால் ஒரு கூட்டம் வந்து வெளியே வெயிலிலேயே உட்கார்ந்துகொண்டது. எலும்புகள்தான் உட்கார்ந்திருந்தன. சிலர் கழுத்தில் சின்னத் துணி முடிச்சு தொங்கியது. விதை. வீட்டில் வைத்தால் தின்றுவிடுவோமோ என்ற பயத்தில், ஒருவர் கண்ணில் ஒருவர் படும்படி கழுத்தில் கட்டிக்கொள்கிறார்கள் இப்போது.

நெஹி உள்ளே வந்து என் எதிரில் தரையில் உட்கார்ந்தார். சாமி தரையில் உட்காரக் கூடாது. நான் எழுந்திருக்கப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"காளைவால் விழா வெக்கலாம்னு சொல்றாங்கம்மா," என்றார். "நான் ஓடணும். வயசு ஆயிடுச்சு, ஆனா காலு ரெண்டும் சரியா இருக்கு."

"ஓடுங்க."

"அதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு தெரியணும். அன்னிக்கி நான் வாசல்ல இருந்தேன். நீங்கதான் உள்ள நிமிர்ந்து நின்னீங்க." அவர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "அவரு நிஜமா விழுந்தாரா? இல்ல, எங்களுக்காக அப்படிச் சொன்னாரா? அவரு முழுசா ஓடி அப்படியும் தண்ணி வரலைன்னா, நான் ஓடி என்னம்மா பிரயோசனம்? இவங்க கழுத்துல இருக்கறதை இன்னிக்கே வேகவெச்சுக் குடிச்சுட்டு, ஒரு நாளாவது வயிறு ரொம்பிச் சாகட்டும்னு விட்டுடுவேன். உண்மையைச் சொல்லுங்க."

இந்தக் கேள்விக்காக நான் எத்தனையோ ஆண்டுகள் காத்திருந்தேன். பதில் நாக்கு நுனியிலேயே இருந்தது. தனியாக இருக்கும்போது சுவரைப் பார்த்துச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அவன் ஓடினான். கால் மடங்கியது, கை தரையைத் தொடவில்லை. ஹெபு ஓடினான், மெர்வாரே ஓடினான், இரண்டு நாட்டுக்கும் ஓடினான். மண்ணில் ஒரே ஒருத்தருக்காவது இதைச் சொல்லிவிட்டால் அவன் பெயர் இரண்டு வாயில் இருக்கும்.

கதவுக்கு வெளியே மெரெத் உட்கார்ந்திருந்தாள். மிச்சம் இருந்த அந்த ஒரு பிள்ளையும் இப்போது அவளோடு இல்லை. கழுத்து முடிச்சை ஒரு கையால் மூடிப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து, நெஹியின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறு வராது. எனக்கு அது தெரியும். நெஹி ஓடினாலும் வராது, அவருக்குப் பின்னால் வருகிறவன் ஓடினாலும் வராது.

"விழுந்தான்," என்றேன்.

"எங்க?"

"வடக்குக் கல்லுக்கிட்ட."

"எந்திரிக்கலையா?"

"எந்திரிக்க முடியலை. தவழ்ந்து போனான். காலே வரலை அவனுக்கு." ஒரு பொய் சொன்னால் அடுத்தது தானாக வருகிறது. "வெளியில சொல்லாதேன்னு என் காலைப் புடிச்சான்."

நெஹி மூச்சை விட்டார். பல ஆண்டுகளாக உள்ளே பிடித்து வைத்திருந்த மூச்சு. அவர் முகத்தில் ரத்தம் ஏறுவதை நான் பார்த்தேன். எழுந்து, கிழவர் என்பதையே மறந்தவராக வேகமாக வெளியே போனார். அவர் ஏதோ சொன்னார், கூட்டம் எழுந்து நின்றது. இருக்கிற தெம்பையெல்லாம் கூட்டி ஒரு ஆரவாரம் செய்தார்கள். யாரோ காறி உமிழ்ந்து நொண்டி என்றார்கள்.

மெரெத் உள்ளே ஓடிவந்து என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவள் கை சுள்ளி மாதிரி இருந்தது. அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

"நல்லவேளைம்மா," என்றாள். "நல்லவேளை அவன் விழுந்தான்!"

"ஆமா," என்றேன். "நல்லவேளை."